ஒரே இரவில் மங்கும் ஒளிப்புள்ளிகளைத் தேடுவது எப்படி

வாணியம்பாடியில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பேன். கலிஃபோர்னியாவின் வானத்தில் அன்றைக்குப் புதிதாக எது முளைத்தது, எது மங்குகிறது என்று பார்ப்பேன். நான்கு வருடமாக இதைச் செய்துவருகிறேன். எனக்குச் சொந்தமாகத் தொலைநோக்கி கிடையாது. வானத்தைப் படம் பிடிக்கும் வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். அந்தப் படங்களில் தெரிந்த மாற்றங்களை உலகத்துக்கே இலவசமாகத் தந்தும் விடுகிறார்கள். அந்தக் குவியலில் எது நிஜமாகவே வேகமாக மங்குகிறது என்று பிரித்தெடுப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை. அதற்குப் பொறுமையும் ஒரு ஒழுங்கும் போதும். நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். அந்த மலையில்தான் காவலூர் வைனு பாப்பு வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை மாலை எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். சனிக்கோளின் வளையத்தை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். இந்த ஆசை அன்றைக்குத் தொடங்கியது.

எதைத் தேடுகிறோம்?

வானத்தில் திடீரென்று தோன்றிக் கொஞ்ச காலத்தில் மறையும் வெளிச்சத்துக்கு டிரான்சியன்ட் என்று பெயர். இவற்றில் பெரும்பாலானவை சூப்பர்நோவாக்கள். அவை நிதானமானவை. ஒன்-ஏ வகை சூப்பர்நோவா உச்சத்தைத் தொட்ட பிறகு 15 நாளில் நீல நிறத்தில் ஏறக்குறைய 1.1 மேக்னிட்யூட் மங்கும். ஒரு நாளைக்கு 0.07 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேக்னிட்யூட் கணக்கு புதிது என்றால் இரண்டு விஷயம் போதும்: எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு, எண்ணில் 1 கூடினால் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறைகிறது. நான் வைத்திருக்கும் கோடு ஒரு நாளைக்கு 0.3. ஒரே நாளில் கால் பங்கு வெளிச்சம் போய்விட்டது என்று அர்த்தம். அதைவிட வேகமாக மங்கினால்தான் மேலே பார்ப்பேன்.

அவ்வளவு வேகமாக மங்குபவை அபூர்வமானவை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதன் ஈர்ப்பு அலை பூமிக்கு வந்தது. சுமார் 11 மணி நேரத்தில், சிலியின் லாஸ் காம்பனாஸில் உள்ள 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி அதன் வெளிச்சத்தை என்ஜிசி 4993 என்ற கேலக்ஸியில் பிடித்துவிட்டது. 13 கோடி ஒளியாண்டு தூரம். நீல நிறத்தில் அது ஒரு நாளைக்கு ஒரு மேக்னிட்யூடுக்கும் மேல் மங்கியது. இப்படிப்பட்டதைக் கிலோநோவா என்கிறார்கள். காமாக் கதிர் வெடிப்புக்குப் பிறகு மிஞ்சும் ஒளிக்கு ஆஃப்டர்க்ளோ என்று பெயர். 2008 மார்ச் 19-ல் நடந்த வெடிப்பின் ஒளி 750 கோடி ஒளியாண்டு தாண்டி வந்தும், அரை நிமிடம்போல வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு, 5.3 மேக்னிட்யூட்வரை, ஏறியது. 2018 ஜூன் 16-ல் ஹவாயின் அட்லஸ் தேடல் கண்டுபிடித்த ஏடி 2018 கவ் இன்னொரு ரகம். ஆங்கிலத்தில் பசு என்று பொருள்படும் அந்தப் பெயர், எழுத்து வரிசையில் தானாக விழுந்தது. 20 கோடி ஒளியாண்டு தூரத்தில், இரண்டு மூன்று நாளிலேயே உச்சத்துக்குப் போனது அது.

இவற்றில் பலவற்றை முதலில் சொல்வது காமாக் கதிர் செயற்கைக்கோளோ ஈர்ப்பு அலைக் கருவியோதான். அப்படி யாரும் சொல்லாமல் வெறும் ஒளிப்படத்திலிருந்தே கண்டுபிடிக்க முடியும் என்று 2014 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் நடந்த தேடல் காட்டியது. 2022 பிப்ரவரியில் அதே மலையிலிருந்து ஏடி 2022 சிஎம்சி கிடைத்தது. ஒரு கருந்துளை ஒரு நட்சத்திரத்தைக் கிழித்தபோது பீறிட்ட தாரை நேராக நம்மை நோக்கியிருந்தது. 850 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த அந்த வெளிச்சம் வேகமாக மங்கியதால்தான் கண்ணில் பட்டது. அதைப் படித்த நாளில்தான் நானும் தேடலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர்களுக்கு இரவு, நமக்குப் பகல்

நான் பார்ப்பது பெரும்பாலும் இசட்டிஎஃப், அதாவது ஜ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி. பாலமர் மலையின் 48 அங்குலத் தொலைநோக்கியில் 2018 முதல் நடக்கிறது. ஒரே படத்தில் 47 சதுர டிகிரி வானம் விழும். 200-க்கும் மேற்பட்ட முழுநிலாக்களை அடுக்கி வைக்கும் அளவு இடம். 30 விநாடிப் படத்தில் 20.5 மேக்னிட்யூட்வரை தெரியும். புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழிப்பார்கள். மிச்சம் நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அலர்ட் வரும். நல்ல இரவில் அது லட்சக்கணக்கில் போகும்.

நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள், இது முக்கியம். ஜூன் மாதத்தில் பாலமரில் முழு இருட்டு நம் நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடிகிறது. டிசம்பரில் காலை ஏழே முக்காலிலிருந்து மாலை ஆறே முக்கால்வரை. நான் ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கும் நேரமெல்லாம் அங்கே படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வீடு திரும்பும்போது அன்றைய அறுவடை தயார். பாலமரில் தலைக்கு மேல் இருந்த வானம் சுமார் 11 மணி நேரம் கழித்து லடாக்கின் ஹான்லேவுக்கு மேல் வந்து நிற்கும். 4,500 மீட்டர் உயரத்தில் அங்கே 0.7 மீட்டர் குரோத்-இந்தியா ரோபோ தொலைநோக்கி இருக்கிறது. அமெரிக்காவில் விடிந்த பிறகு துரத்தலை இங்கிருந்து தொடர வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டது. நம் சாயங்காலம் இந்த வேலைக்கு எவ்வளவு விலையுள்ள நேரம் என்பது இதிலிருந்து தெரியும்.

லட்சக்கணக்கான அலர்ட்டுகளை நேரடியாக வாங்கிச் சமாளிப்பது வீட்டில் முடியாது. நடுவில் புரோக்கர் என்ற அமைப்புகள் உண்டு. பிரிட்டனின் லசேர், சிலியின் அலெர்சே, பிரான்ஸின் ஃபிங்க், அமெரிக்காவின் அன்டாரிஸ். உங்கள் நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தால் அதற்குத் தகுந்ததை மட்டும் வடிகட்டித் தருவார்கள். நான் லசேரில் கணக்கு வைத்திருக்கிறேன். எக்ஸெல் ஃபில்டர் போடத் தெரிந்தவருக்கு அதன் எஸ்க்யூஎல் என்ற தேடல் மொழி வரிகள் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நில் ரிட்டர்ன்

ஃபில்டர் போடுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒரு மாதம் ஒரு ரூபாய்க்குக்கூட விற்பனை இல்லை என்றாலும் ஜிஎஸ்டியில் நில் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். விற்பனை இல்லை என்பது ஒரு தகவல். தாக்கலே செய்யவில்லை என்றால் அந்த மாதம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். வானத்திலும் இதே வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நேற்று இரவு அந்த இடத்தைப் படம் எடுத்தார்கள், 20.4 மேக்னிட்யூட்வரை எதுவும் தெரியவில்லை என்பது ஒரு பதிவு. நேற்று மேகம், படமே எடுக்கவில்லை என்பது வெற்றிடம். அலர்ட் பட்டியலில் இரண்டுமே காலியாகத்தான் தெரியும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

19.2-ல் ஒரு புள்ளி புதிதாகத் தெரிகிறது. முந்தைய இரவின் எல்லை, அதாவது அந்தப் படத்தில் தெரியக்கூடிய மிக மங்கலான அளவு, 20.5 என்றால், ஒரே நாளில் குறைந்தது 1.3 மேக்னிட்யூட் ஏறியிருக்கிறது, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அது உடனே கவனிக்க வேண்டியது. முந்தைய பார்வை எட்டு நாளைக்கு முன்னால் என்றால், அது சாதாரணச் சூப்பர்நோவாவாக மெதுவாக ஏறி வந்திருக்கலாம். முந்தைய இரவு பார்த்திருந்தும், பௌர்ணமி வெளிச்சத்தில் எல்லை 19.0 மட்டுமே என்றால் அந்தப் பதிவால் ஒரு பயனும் இல்லை, புள்ளி அப்போதே இருந்திருக்கலாம். அதனால்தான் என் மேசைமேல் தினசரி காலண்டர் இருக்கிறது. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் எல்லைகளை நம்புவதற்கு முன் இரண்டு முறை பார்ப்பேன்.

இசட்டிஎஃப் அலர்ட் ஒவ்வொன்றோடும் கடந்த 30 நாளின் வரலாறு சேர்ந்தே வருகிறது. தெரிந்த நாட்களின் அளவும் உண்டு, தெரியாத நாட்களின் எல்லையும் உண்டு. வரைபடத்தில் எல்லைகளைத் தலைகீழ் முக்கோணமாகப் போடுவார்கள். முதலில் முக்கோணங்களைப் பாருங்கள், புள்ளிகளை அப்புறம் பாருங்கள்.

சல்லடை

என் ஃபில்டர் சின்னது. கழித்த படத்தில் வெளிச்சம் கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு அலர்ட்டுக்கும் இயந்திரக் கற்றல் வழியாக 0 முதல் 1 வரை ஒரு ரியல்-போகஸ் மதிப்பெண், அதாவது நிஜமா பொய்யா என்ற மதிப்பெண், வரும். நான் 0.7-க்கு மேல் எடுத்துக்கொள்கிறேன். 0.9 வைத்தால் பட்டியல் சுத்தமாக இருக்கும், ஆனால் மங்கிக்கொண்டே போகும் புள்ளியின் இரண்டாம் நாள் அளவு பெரும்பாலும் பலவீனமாகத்தான் இருக்கும். அது போய்விடும். குப்பையைக் கையால் பொறுக்குவது எனக்குப் பரவாயில்லை.

அடுத்து, ஒரே இரவில் குறைந்தது இரண்டு முறை தெரிந்திருக்க வேண்டும், நடுவில் அரை மணியாவது இடைவெளி வேண்டும். இது சிறுகோள்களுக்காக. பால்வீதித் தளத்திலிருந்து மேலேயோ கீழேயோ 15 டிகிரி விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் பால்வீதியின் நட்சத்திரக் கூட்டமே பட்டியலை நிரப்பிவிடும். முதல் தோற்றம் ஒரு வாரத்துக்குள் இருக்க வேண்டும். அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் இருப்பதாகப் பான்ஸ்டார்ஸ் என்ற வானப் படத் தொகுப்பின் அட்டவணை சொன்னால் தள்ளிவிடுவேன். ஒன்றரை ஆர்க்செகண்டுக்குள் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்) நட்சத்திரம் இருந்தால் அது அந்த நட்சத்திரத்தின் வேலைதான்.

லசேரில் ஷெர்லாக் என்ற ஒரு கருவி பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து வகை சொல்லும். அருகில் எதுவுமே இல்லாத புள்ளியை அநாதை என்று வகைப்படுத்தும். பலர் அநாதைகளைத் தள்ளிவிடுகிறார்கள். நான் முதலில் திறப்பதே அவற்றைத்தான். 800 கோடி ஒளியாண்டு தூரத்து ஆஃப்டர்க்ளோவுக்குத் தாய் கேலக்ஸி அட்டவணையில் எப்படித் தெரியும்?

இவ்வளவும் முடிந்தால் ஒரு சாயங்காலத்துக்கு இருபது, முப்பது புள்ளி மிஞ்சும். இனிமேல் கண்.

மூன்று சதுரங்கள்

ஒவ்வொரு அலர்ட்டிலும் மூன்று சின்னப் படங்கள் இருக்கும். இன்றைய படம், பழைய படம், இரண்டையும் கழித்தது. 63 பிக்சல் அகலம், பிக்சலுக்கு ஒரு ஆர்க்செகண்ட். இந்த மூன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். பக்கத்தில் உள்ள நட்சத்திரங்கள் எவ்வளவு பரந்து தெரிகின்றனவோ அதே அளவு உங்கள் புள்ளியும் பரந்திருக்க வேண்டும். ஊசி முனைபோல ஒரே பிக்சலில் கூர்மையாக இருந்தால் அது காஸ்மிக் கதிர். பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று ஒட்டிக்கொண்டிருந்தால் படங்கள் சரியாகப் பொருந்தவில்லை. பெரிய நட்சத்திரத்தின் ஒளிக்கீற்றுமேல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கண் பழகுவதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. லா பால்மாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொலைநோக்கிகள் வைத்திருக்கும் கோட்டோ குழு, ஜூனிவர்ஸ் தளத்தில் 2023 முதல் கிலோநோவா சீக்கர்ஸ் என்ற திட்டத்தை நடத்துகிறது. இதே மூன்று படங்களைக் காட்டி நிஜமா பொய்யா என்று கேட்பார்கள். போனிலேயே செய்யலாம். என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், இரண்டே வாரத்தில் என்னைவிட வேகமாகப் பிரித்தாள். ஃபில்டர், எஸ்க்யூஎல் எல்லாம் பயமாக இருக்கிறதென்றால் அங்கே தொடங்குங்கள்.

வேஷக்காரர்கள்

வேகமாக மங்குவதுபோல வேஷம் போடுபவை நிஜமானவற்றைவிடப் பல மடங்கு அதிகம். என் நேரத்தில் பெரும்பகுதி இவற்றை அடையாளம் காண்பதில்தான் போகிறது.

சிறுகோள் எளிது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ள சிறுகோள் அரை மணியில் சுமார் 15 ஆர்க்செகண்ட் நகர்ந்துவிடும், இரண்டாம் படத்தில் அதே இடத்தில் இருக்காது. ஆனால் நம் பஞ்சாங்கத்தில் வக்ரம், வக்ர நிவர்த்தி என்று போட்டிருப்பார்கள் அல்லவா? கோள் நேராகப் போய்க்கொண்டிருந்து, நின்று, பின்னால் திரும்புவதுபோலத் தெரியும் நாட்கள். சிறுகோளுக்கும் அதே நிலை உண்டு. அந்த நாட்களில் அது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் விழும், ஓரிரு நாள் கழித்து நகர்ந்திருக்கும். பார்ப்பவருக்கு ஒரு புள்ளி தோன்றி மறைந்ததுபோல இருக்கும். ஆகவே உங்கள் புள்ளி ராசி மண்டலத்தை ஒட்டி இருந்தால் சிறுகோள்களின் பதிவேடான மைனர் பிளானட் சென்டரின் தேடலில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்துச் சரிபாருங்கள்.

செயற்கைக்கோளின் பளபளப்பு இன்னொன்று. ஒரே படத்தில் மட்டும், கச்சிதமான புள்ளியாக விழும். பெரியவர்களே இதில் சிரமப்பட்டிருக்கிறார்கள். 2020-ல், 1,340 கோடி ஒளியாண்டுப் பயணம் செய்த ஒளியைத் தரும் ஜிஎன்-இசட்11 கேலக்ஸியிலிருந்து ஒரு மின்னல் வந்தது, அது காமாக் கதிர் வெடிப்பாக இருக்கலாம் என்று ஒரு குழு அறிவித்தது. மறு வருடம் இன்னொரு குழு, அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்தது ரஷ்யப் புரோட்டான் ராக்கெட்டின் பிரீஸ்-எம் பாகம் என்று காட்டியது. ஒற்றைப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்று நான் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

குள்ள நோவா என்ற ரகமும் ஏமாற்றும். வெள்ளைக் குள்ளனும் துணை நட்சத்திரமும் சேர்ந்த ஜோடி, அவ்வப்போது சில மேக்னிட்யூட் ஏறி நாட்கணக்கில் இறங்கும். பழைய பதிவுகளைத் தோண்டினால் இதே இடத்தில் மூன்று வருடத்துக்கு முன்னாலும் ஒரு ஏற்றம் இருக்கும். ஒரு முறை வெடித்துச் சிதறியது மறுபடி வெடிக்காது.

என்னை அதிகம் வருத்தியது சிவப்புக் குள்ளன். சூரியனைவிடச் சின்ன, மங்கலான, சிவந்த நட்சத்திரம். நம் பக்கத்திலேயே ஏராளம். அது திடீரென்று சீறும். நிமிடங்களில் ஏறி, சில மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சீற்றம் நீலமாக இருக்கும், நட்சத்திரமோ சிவப்பு. அதனால் நீலப் பக்கத்தில் எடுத்த பழைய படங்களில் அந்த இடம் வெறுமையாகவே தெரியும்.

2023 மார்ச்சில் அப்படி ஒன்று என் பட்டியலில் வந்தது. கேமராவின் ஜி (நீலப் பச்சை) நிற ஃபில்டரில் 18.9. முந்தைய இரவின் எல்லை 20.4. முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஆர் (சிவப்பு) ஃபில்டரில் 19.8. ஷெர்லாக் அநாதை என்றது. பான்ஸ்டார்ஸ் படத்தில் நான் திறந்து பார்த்த நிறத்தில் எதுவும் இல்லை. கை நடுங்க ஒரு நண்பருக்குப் போன் செய்தேன். அவரிடம் 10 அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் உண்டு. அன்று இரவு தான் திட்டமிட்டிருந்ததை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அந்த இடத்தையே படம் எடுத்தார். எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள்தான் நான் லெகசி சர்வே என்ற இன்னொரு வானப் படத் தொகுப்பைத் திறந்து, சிவப்பையும் தாண்டிய இசட் நிறத்தை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். சதுரத்தின் நடுவில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி, மிளகாய் விதை அளவு. ஜி-யில் இல்லை, ஆர்-ல் இருக்கிறதா என்றே தெரியவில்லை, இசட்-ல் தெளிவாக இருந்தது. ஐந்து நிமிட வேலையை நான் முன்னால் செய்யாததால் அவருடைய ஒரு தெளிந்த இரவு போயிற்று. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அன்றிலிருந்து வரிசை மாறாது. லெகசி சர்வேயில் இசட் நிறம், பான்ஸ்டார்ஸில் ஐ, இசட், ஒய் நிறங்கள், வைஸ் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படம், கையா செயற்கைக்கோளின் அட்டவணையில் இடமாறு தோற்றமோ நகர்வோ இருக்கிறதா (இருந்தால் அது நம் பக்கத்து நட்சத்திரம்) என்ற சோதனை. இவை நான்கும் முடிந்த பிறகுதான் போன்.

நிறமும் உதவும். சீறும் சிவப்புக் குள்ளன் நீலமாகத் தெரியும். ஆஃப்டர்க்ளோ பொதுவாக லேசான சிவப்பு, அதாவது ஜி அளவைவிட ஆர் அளவு 0.2, 0.3 மேக்னிட்யூட் கூடுதல் வெளிச்சமாக இருக்கும். வழியில் பால்வீதித் தூசி இருந்தால் எல்லாமே சிவந்து தெரியும், அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மங்கும் வேகத்தை அளப்பது

ஒரு நிறத்தை அதே நிறத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். இசட்டிஎஃப் பொதுத் தேடல் ஒரே இரவில் ஒரு இடத்தை ஜி-யிலும் ஆர்-லும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி வரும். முதல் நாள் ஆர் அளவு 19.3, இரண்டாம் நாள் ஜி அளவு 20.0 என்றால் 0.7 மங்கிவிட்டது என்று எழுதத் தோன்றும். அந்தப் பொருளே சிவப்பு என்றால் அது மங்கவே இல்லாமலும் இருக்கலாம். மேலே சொன்ன மார்ச் மாதப் புள்ளியிலும் எனக்கு இதன் மறுபக்கம் நடந்தது. ஜி-க்கும் ஆர்-க்கும் இடையில் 0.9 குறைந்ததை வேகம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். அது நீல நிறத்தையும் காட்டியது என்பதை யோசிக்கவில்லை.

பிழை அளவையும் எழுதுங்கள். 19.9-லிருந்து 20.3-க்கு இறங்கியது, ஒவ்வொன்றிலும் 0.2 பிழை என்றால் இறக்கம் 0.4, அதன் பிழை 0.28. இதை வைத்து மங்குகிறது என்று சொல்லவே முடியாது. தேடலின் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிகள் எல்லாமே இந்த நிலையில்தான் இருக்கும்.

இன்னொன்று. ஆஃப்டர்க்ளோ ஒரே வேகத்தில் மங்குவதில்லை. வெடித்ததிலிருந்து கழிந்த நேரம் இரட்டிப்பானால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகும் என்று எளிதாக வைத்துக்கொள்ளலாம். பாதி என்றால் 0.75 மேக்னிட்யூட். வெடித்து 2 மணி நேரத்தில் 18.0 என்றால், 4 மணியில் 18.75, 8 மணியில் 19.5, 16 மணியில் 20.25, 32 மணியில் 21.0. இசட்டிஎஃப் கண்ணிலிருந்து அது மறைந்துவிட்டது. எல்லாம் ஒன்றரை நாளுக்குள். இரண்டு நாளுக்கு ஒரு முறை திரும்பி வரும் தேடலுக்கு அது ஒரே இரவுதான் தெரியும், அடுத்த முறை வெறும் முக்கோணம். அந்த முக்கோணம்தான் வேகத்தைச் சொல்லும். முதல் இரவில் ஆர் 19.5, அடுத்த இரவில் ஆர் எல்லை 20.7 என்றால், குறைந்தது 1.2 மங்கியிருக்கிறது. தெரியாமல் போனதே அளவாகிவிட்டது.

அடுத்த படி ஃபோர்ஸ்டு ஃபோட்டோமெட்ரி. அலர்ட் என்பது ஐந்து சிக்மாவைத் தாண்டினால்தான், அதாவது படத்தின் இரைச்சலைவிட ஐந்து மடங்கு இருந்தால்தான், வரும். மூன்று, நான்கு சிக்மாவில் இருந்த வெளிச்சம் அலர்ட்டில் வராது, ஆனால் படத்தில் இருக்கும். அந்த இடத்தைக் கொடுத்து, எடுத்த எல்லாப் படத்திலும் இங்கே எவ்வளவு வெளிச்சம் என்று கேட்கும் சேவையை அட்லஸும் இசட்டிஎஃபும் இலவசமாகத் தருகின்றன. அட்லஸுக்கு ஹவாயிலும் சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் தொலைநோக்கிகள் உண்டு. இசட்டிஎஃப் விட்டுவிட்ட இரவை அது பிடித்திருக்கும். வரும் விடையை மேக்னிட்யூடாக மாற்றாமல் வெளிச்ச அளவாகவே வையுங்கள். சில நாள் மைனஸில் இருக்கும், அதை நீக்கிவிடாதீர்கள். ஒரு மாதம் முழுக்கப் பூஜ்யத்தைச் சுற்றி மேலும் கீழும் ஆடி, ஒரு நாள் மட்டும் சடாரென்று ஏறியிருந்தால் அந்த ஏற்றத்தை நம்பலாம். அந்த ஆட்டம் தெரியாமல் ஏற்றத்தை எடைபோட முடியாது.

தாக்கல்

இங்கேவரை தாண்டி வருவது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். பல மாதம் ஒன்றும் இருக்காது.

முதலில் காமாக் கதிர் வெடிப்புகளோடு பொருத்திப் பாருங்கள். ஜிசிஎன் என்ற நாசா வலையின் அறிவிப்புகளில் ஃபெர்மி, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள்கள் பார்த்த வெடிப்புகளின் நேரமும் இடமும் இருக்கும். ஃபெர்மியின் ஜிபிஎம் கருவி வருடத்துக்குச் சுமார் 240 வெடிப்பு பார்க்கிறது, மூன்று நாளைக்கு இரண்டு. அது சொல்லும் இடம் பல டிகிரி அகலமாக இருக்கும். கடைசியாக இல்லாத நேரத்துக்கும் முதலில் தெரிந்த நேரத்துக்கும் இடையே ஆறு நாள் என்றால் அதற்குள் சுமார் நான்கு வெடிப்பு நடந்திருக்கும், ஏதோ ஒன்று தற்செயலாகப் பக்கத்தில் விழலாம். இடைவெளி ஒரே நாள் என்றால் ஒன்றுகூட இருக்காமல் போகலாம். அந்த நாளில் ஒன்று இருந்து, அதுவும் அதே திசையில் என்றால் உடனே எழுதுங்கள்.

அறிவிக்க வேண்டிய இடம் டிரான்சியன்ட் நேம் சர்வர். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அதிகாரபூர்வப் பதிவேடு. யாரும் கணக்கு தொடங்கலாம். முதலில் அதில் தேடுங்கள், பெரிய குழுக்களின் நிரல்கள் பெரும்பாலும் முந்திவிடும். ஏற்கெனவே பெயர் இருந்தால் வருத்தப்பட வேண்டாம். சாதாரணப் புள்ளியாகப் பதிவாகி, வேகத்தை யாரும் கவனிக்காமல் கிடக்கும் பெயர்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்டதைப் பின்தொடரும் குழுவுக்கு உங்கள் அளவுகளோடு ஒரு மின்னஞ்சல் போடலாம். தூரத்தைச் சொல்ல நிறமாலை வேண்டும், அதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும், அது அவர்கள் வேலை. சிலியில் 8.4 மீட்டர் ரூபின் வானாய்வகம் வந்த பிறகு இன்னும் மங்கலான புள்ளிகள் லட்சக்கணக்கில் வரும். ஆனால் வீட்டிலிருந்து தேடுபவர்களுக்கு 19, 20 மேக்னிட்யூட் புள்ளிகளே நல்லது என்பது என் கருத்து. நடுத்தரத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்கூட அவற்றைத் துரத்த முடியும்.

பெயர் இல்லாவிட்டால் நீங்களே படிவத்தை நிரப்புங்கள். இடம், நேரம், அளவு, ஃபில்டர். அதற்குக் கீழே கடைசியாகத் தெரியாத நாள் என்று ஒரு பகுதி இருக்கும், அதை நிரப்பாமல் படிவம் போகாது. தேதி, எல்லை, ஃபில்டர் மூன்றையும் ஃபோர்ஸ்டு ஃபோட்டோமெட்ரியிலிருந்து எடுத்துப் போடுங்கள், நினைவிலிருந்து போடாதீர்கள். நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்கும்போது தேதி மாறலாம், அதில் தவறு வரும். குறிப்புப் பெட்டியில் இசட் நிறப் படத்தில் நட்சத்திரம் இல்லை என்று பார்த்ததைச் சொல்லுங்கள். அதன்பின் அடுத்த இரவும் அதற்கடுத்த இரவும் அதே இடத்தைத் திறந்து பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் எல்லை எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள்.